பெரிய வீட்டிலிருந்து இரண்டு அறைக்கு மாறுகிறோம், நினைவுப் பொருட்களை என்ன செய்வது?

ஜன்னலோரம்:

எனக்கு 68, வீட்டுக்காரருக்கு 74. அவருக்கு முட்டி வலி, எனக்குப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஆகவே மாடி வீடு இனிமேல் சரிப்படாது என்று தரைத்தளத்தில் இரண்டு அறை உள்ள வீட்டுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. மூன்று மாதத்தில் போக வேண்டும். கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் எனக்குப் பிரச்சினையே இல்லை, இஞ்ச் டேப்பை வைத்து அளந்தால் எது உள்ளே போகும் எது போகாது என்று தெரிந்துவிடும். மண்டையைக் குடைவது மற்றவைதான்.

என் அம்மாவின் தையல் மெஷின், காலால் மிதிப்பது. நான் அதில் உட்கார்ந்து வருஷக்கணக்காகிறது, மகளுக்குச் சட்டைப் பொத்தான் தைக்கக்கூட நேரமில்லை, ஆனால் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று வாயெடுத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது. அப்புறம் 11 ஆல்பம், அதில் பாதி அந்தக் காலத்து ஒட்டும் பக்கம் வைத்தவை, மேலே இருக்கும் பிளாஸ்டிக் தாள் மஞ்சளாகிவிட்டது. அவர் வேலை காரணமாக வெளியூரில் இருந்த நாட்களில் நாங்கள் எழுதிக்கொண்ட கடிதங்கள். மாமனாரின் டைரிகள். என் அப்பா பேசியதைப் பதிவு செய்த கேசட்டுகள். மகன் பள்ளியில் வாங்கிய கோப்பைகள். 

வெளிநாட்டில் இருக்கும் மகன் "எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிட்டுத் தூக்கிப் போடுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். இவரோ பழைய குடையைக்கூடத் தொடவிட மாட்டேன் என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நான். எங்கிருந்து ஆரம்பிப்பது? ஸ்கேன் செய்தால் போதுமா? இவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது? 

பரண்காரி:

அக்கா, முதல் வேலை, ஆல்பத்தைத் தொடாதீர்கள். ஆல்பத்தைத் திறந்தவர் அன்றைக்கு வேறு எந்த வேலையும் செய்ததாகச் சரித்திரம் இல்லை. உணர்ச்சி ஒட்டாத பொருட்களில் ஆரம்பியுங்கள், பழைய பில்கள், மூடி இல்லாத டப்பாக்கள், எந்த போனுக்கு என்றே தெரியாத சார்ஜர்கள். வேண்டும், வேண்டாம் என்று சட்சட்டென்று முடிவெடுத்துக் கை பழகிவிடும். புகைப்படமும் கடிதமும் கடைசியில்.

அடுத்தது, எதை எறிவது என்ற கேள்வியோடு உட்காராதீர்கள். அப்படி உட்கார்ந்தால் ஒவ்வொரு பொருளும் தன் பக்க நியாயத்தைச் சொல்லும், சாயங்காலம் ஆனதும் எல்லாமே பழையபடி அலமாரிக்குள் போயிருக்கும். புது வீட்டில் நினைவுப் பொருளுக்கென்று எவ்வளவு இடம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், இரண்டு தட்டு, கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி, எதுவோ ஒன்று. பிறகு அதற்குள் போக வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுங்கள். இதைவிட்டால் முடியாது என்று உங்களுக்கே தெரிந்தவை முதல் அரை மணி நேரத்தில் வந்து உட்கார்ந்துவிடும். பாக்கியில் பாதி வந்து கேட்கவே கேட்காது.

என் மாமியார் காலமானபோது அவர் பொருட்கள் ஒரு அறை நிறைய இருந்தன. நான் வைத்துக்கொண்டது அவருடைய மூக்குக் கண்ணாடியும் கையெழுத்தில் கணக்கு எழுதிய ஒரு நோட்டும்தான். அந்த நோட்டில் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் கணக்கு உதைக்கும் இடத்தில் "இதர" என்று எழுதி ஒரு தொகையைப் போட்டுச் சரிக்கட்டியிருப்பார். அந்த ஒரு சொல்லில் அவர் முழுதாக இருக்கிறார், அவருடைய பீரோவில் எனக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. உங்கள் அம்மாவின் நினைவுக்கும் தையல் மெஷின்தான் வேண்டுமா, அதன் இழுப்பறையில் இருக்கும் பாபினும் கத்தரியும் போதுமா என்று யோசித்துப் பாருங்கள்.

பிள்ளைகளிடம் "இது வேண்டுமா" என்று கேட்காதீர்கள். அம்மா வருத்தப்படுவாளே என்று வேண்டும் என்பார்கள், பொருள் உங்கள் வீட்டிலேயே கிடக்கும். "எப்போது வந்து எடுத்துக்கொண்டு போவாய்" என்று கேளுங்கள், உண்மையான பதில் அப்போதுதான் வரும். வேண்டாம் என்று சொன்னால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், பொருளைத்தான் வேண்டாம் என்கிறார்கள், உங்களை அல்ல. கோப்பைகள் உங்கள் மகனுடையவை. படம் எடுத்து அனுப்பித் தேதி கேளுங்கள், தேதி சொல்லாவிட்டால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பிவிடுங்கள்.

நாடாப்பெட்டி:

மேலே சொன்னதில் ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்கிறேன். ஆல்பம் கடைசியில் இருக்கட்டும், கேசட் முதலில். அதற்குக் காத்திருக்க நேரமில்லை. காந்த நாடா வருஷம் போகப் போகக் கெடும், அதைவிட முக்கியம், ஓட்டிக் கேட்க நல்ல நிலையில் உள்ள இயந்திரங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. வீடியோ கேசட்டுக்கான விசிஆர் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016இல் நிறுத்திவிட்டது. வீட்டில் கல்யாண வீடியோ நாடாக்கள் இருந்தால் அவையும் இதே வரிசையில்தான்.

கேசட்டைப் பிளேயரில் போடுவதற்கு முன் அதன் மேல் விளிம்பைப் பாருங்கள், இரண்டு ஓரத்திலும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை உடைத்துவிடுங்கள். உடைத்துவிட்டால் கை தவறி ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் அது அழுந்தாது, அப்பாவின் குரல் மேல் வேறு எதுவும் பதிவாகாது. அடுத்து, நாடா வெளியே தெரியும் பக்கத்தின் நடுவில், நாடாவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் சத்தம் மங்கலாக, விட்டு விட்டுக் கேட்கும், உடனே நாடா போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். நாடா நன்றாகவே இருக்கும், அதை எடுத்து வேறொரு கேசட் கூட்டுக்குள் மாற்றினால் போதும், தெரிந்தவர் கையில் கொடுங்கள். ஓட்டும்போதே கம்ப்யூட்டரில் பதிவு ஓடட்டும், சோதனைக்காக நாலு தடவை ஓட்ட வேண்டாம்.

ஸ்கேன் போதுமா என்று கேட்டீர்கள். கடிதத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) போதும், புகைப்படத்துக்கு 600 வைத்துக்கொள்ளுங்கள், நெகட்டிவ் இருந்தால் அதற்கு இன்னும் பல மடங்கு வேண்டும். நெகட்டிவ் டப்பாவைத் திறந்ததும் வினிகர் மாதிரி புளித்த வாடை அடித்தால் ஃபிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், அதைத் தனியாக எடுத்து வைத்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள், மற்றதோடு சேர்த்து வைக்காதீர்கள். வண்ணப் படங்களையும் முன்னால் தள்ளுங்கள். அவற்றில் இருப்பது சாயம், வெளுக்கும். கறுப்பு வெள்ளையில் இருப்பது வெள்ளித் துகள், ஒழுங்காகக் கழுவிய படமாக இருந்தால் உங்களுக்கும் எனக்கும் பிறகும் இருக்கும்.

ஒட்டும் பக்க ஆல்பத்தில் படத்தைப் பிடித்து இழுக்காதீர்கள், மடங்கிக் கிழியும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் இருக்கிறதே, மெழுகும் வாசனையும் இல்லாத வகை, அதைப் படத்துக்கு அடியில் ஒரு மூலையிலிருந்து விட்டு ரம்பம் போல மெதுவாக இப்படியும் அப்படியும் இழுத்தால் பெரும்பாலும் கழன்றுவிடும். கழலாவிட்டால் பக்கத்தோடு சேர்த்துப் படம் எடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள்.

கடிதங்களில் ரப்பர் பேண்ட், குண்டூசி, கிளிப் எதுவும் இருக்கக் கூடாது. ரப்பர் உருகி ஒட்டும், இரும்பு துருப்பிடிக்கும். யார் சொன்னாலும் லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள், செய்தது செய்ததுதான், திரும்பப் பிரிக்க முடியாது. கடிதத்தோடு செய்தித்தாள் துண்டு எதுவும் இருந்தால் பிரித்து வையுங்கள், அந்தத் தாளில் உள்ள அமிலம் பக்கத்துத் தாளிலும் கறையை இறக்கும்.

ஸ்கேன் செய்த கோப்புகள் மூன்று இடத்தில் இருக்கட்டும், இரண்டு விதமான சாதனத்தில், அதில் ஒன்றாவது வேறு வீட்டில். உங்கள் மகனுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் அனுப்பினால் அந்தக் கணக்கு தீர்ந்தது. தூக்கிப் போடுங்கள் என்று சொன்னவருக்கு இந்தப் பொறுப்பைக் கொடுப்பதில் தப்பே இல்லை. 

எதற்கு அவசரம்:

எல்லோரும் குறை குறை என்றே சொல்கிறீர்கள். அவர்கள் வீடு, அவர்கள் பொருள். போகிற வீட்டில் இடம் இருந்தால் வைத்துவிட்டுப் போகட்டுமே, பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாமும் அப்படித்தானே நம் பெரியவர்களுடையதைப் பார்த்தோம்.

மூன்றாம் பிள்ளை:

அந்தப் பின்னால் வந்தவர்களில் நானும் ஒருவன், அதனால் சொல்கிறேன். அப்பா அம்மா இருவரும் போன பிறகு வீட்டைக் காலி செய்தது நானும் என் அக்காவும்தான். பொருட்கள் பாரமாக இல்லை, ஆள் வைத்து லாரியில் ஏற்றிவிடலாம். யாரென்றே தெரியாத முகங்கள்தான் பாரம். ஒரு சூட்கேஸ் நிறையப் படம், அதில் ஒரு படத்தில் அப்பா இருபது வயசுக்காரராக ஒருவர் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை. பக்கத்தில் நிற்பவர் யார் என்று சொல்ல ஒருவரும் பாக்கி இல்லை. எறியவும் கை வரவில்லை, வைத்துக்கொண்டும் பயனில்லை, இன்றும் அக்கா வீட்டில் இருக்கிறது.

ஆகவே அம்மா, ஸ்கேன் செய்கிறீர்களோ இல்லையோ, பெயர் எழுதுங்கள். யார், எந்த ஊர், ஏறக்குறைய எந்த வருஷம், அவ்வளவு போதும். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் தெரியும், மையும் அடுத்த படத்தில் ஒட்டும். பழைய காகிதப் படமென்றால் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதலாம். பின்பக்கம் பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பாக இருக்கும் படங்களில் பென்சில் பிடிக்காது, அதற்கு உறை மேல் எழுதிவிட்டுப் படத்தை உள்ளே வையுங்கள். எழுதச் சோம்பலாக இருந்தால் போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு ஒவ்வொரு படமாகக் காட்டி இரண்டு பேரும் பேசுங்கள், உங்கள் வீட்டுக்காரர் இதற்குச் சம்மதிப்பார் என்று நினைக்கிறேன், எதையும் எறியச் சொல்லவில்லையே. பெயர் தெரியாத படம், கண்ணே தெரியாத அளவுக்கு ஆடிப்போன படம், ஒரே விழாவில் ஒரே மாதிரி எடுத்த எட்டுப் படம், இவற்றைத் தாராளமாகக் கழித்துவிடலாம்.

இன்னொன்று. எந்தக் காகிதக் கட்டையும் கட்டாகத் தூக்கி எறியாதீர்கள், ஒவ்வொரு தாளாகப் புரட்டுங்கள். எங்கள் வீட்டுப் பத்திரத்தின் அசல் ஒரு பழைய டைரி உறைக்குள்ளிருந்துதான் கிடைத்தது. உங்கள் மாமனாரின் டைரிகளைப் பார்க்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைத்தொப்பி:

ஓய்வு பெற்ற செவிலி நான். உங்கள் வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன், அதைத் தொட்டும் தொடாமலும் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள்.

அவர் பிடிவாதத்தைக் குணக்கேடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கையில் இருக்கும் பொருளுக்கு மனம் தனி மதிப்புப் போடும். கானமன், நெட்ஷ், தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு, பாதிப் பேருக்கு ஒரு சாதாரணக் காபிக் கோப்பையைக் கொடுத்துவிட்டு, விற்பதென்றால் என்ன விலை என்று கேட்டார்கள். கோப்பை கிடைக்காதவர்கள் தர முன்வந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கேட்டார்கள். அது அப்போதுதான் கைக்கு வந்த கோப்பை! 40 வருஷம் கூடவே இருந்த குடையை விடச் சொன்னால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் வாதம் வேண்டாம். அவருக்குத் தெரியாமல் எதையும் வெளியேற்றவும் வேண்டாம், ஒரு முறை கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் குப்பைக் கூடையைக்கூடச் சோதிக்க ஆரம்பிப்பார். அவர் பொருட்களுக்கென்று ஒரு இடத்தை அளந்து அவரிடமே ஒப்படையுங்கள், உள்ளே எது என்பது அவர் பாடு. முடிவெடுக்க முடியாதவற்றை ஒரு பெட்டியில் போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதிப் புது வீட்டுக்குக் கொண்டு போங்கள். ஒரு வருஷம் திறக்கவே இல்லையென்றால் அவரே சொல்வார். படம் எடுத்து வைப்பதும் உதவும். 2017இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், கல்லூரி விடுதிகளில் நினைவுப் பொருளைப் படம் எடுத்துக்கொண்டு தானம் கொடுங்கள் என்று அறிவித்தபோது, வெறுமனே கொடுங்கள் என்று அறிவித்ததைவிட அதிகப் பொருட்கள் சேர்ந்தன. மெஷினைப் படம் எடுக்கும்போது அதை மட்டும் எடுக்காதீர்கள், நீங்கள் அதில் உட்கார்ந்து மிதிப்பதை யாராவது வீடியோ எடுக்கட்டும், சத்தத்தோடு.

இடம் இருந்தால் வைத்துவிட்டுப் போகட்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தட்டில் வைத்தால் சரி, நடைவழியில் வைத்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள், அதில் அதிகம் 60ஐத் தாண்டியவர்கள். முட்டி வலிக்காரர் ராத்திரி எழுந்து குளியலறைக்குப் போகும் வழியில் ஒரு டிரங்குப் பெட்டி கூட இருக்கக் கூடாது. இதை மட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒன்று கவனியுங்கள். குடையை விட மனமில்லாதது வேறு, பழைய பேப்பர், காலி பாட்டில் என்று எதையுமே விட முடியாமல், கட்டிலில் படுக்கக்கூட இடமில்லாமல் குவிந்துகொண்டே போவது வேறு. இரண்டாவது ஒரு நோய், 2013இல் டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு அதைத் தனிக் கோளாறாகவே சேர்த்துவிட்டது, அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் வீட்டில் அது இல்லை.

ஜன்னலோரம்:

எல்லோருக்கும் நன்றி. "எப்போது எடுத்துக்கொண்டு போவாய்" கேள்வியை மகனிடம் கேட்டேன், ஐந்து நிமிஷம் பதிலே இல்லை, அப்புறம் ஒரு கோப்பையை மட்டும் வைக்கச் சொன்னான், அதுவும் ஓட்டப்பந்தயத்தில் மூன்றாவதாக வந்ததற்கு. ஏன் என்று கேட்டதற்கு அன்றைக்கு அப்பா அலுவலகத்துக்கு லீவு போட்டு வந்திருந்தார் என்றான். இவர் பக்கத்தில்தான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மறுநாள் தன் அலமாரியைத் தானே காலி செய்ய ஆரம்பித்துவிட்டார். குடை இன்னும் இருக்கிறது.

கேசட்டுகளைக் கொடுத்தாகிவிட்டது. மாமனாரின் டைரிகளைப் புரட்டினோம், பெரும்பாலும் மழை, வரவு, செலவு. நாத்தனாருக்கு வேண்டுமாம், நேரில் வந்து எடுத்துக்கொள்வதாகத் தேதியும் சொல்லிவிட்டாள். 

மெஷினைத் தைக்கிற பெண் ஒருவருக்கே கொடுப்பதாக முடிவு. மாடியிலிருந்து எப்படி இறக்குவது என்று தெரியவில்லை, இரும்பு கனக்கிறது. இன்னொன்று, கடிதங்கள். எதையும் எறியாதே என்கிற மனுஷன் இதை மட்டும் பிள்ளைகள் படிக்கக் கூடாது என்கிறார். கட்டி, மேலே "படிக்காமல் அழித்துவிடவும்" என்று எழுதி வைத்தால் போதுமா?

மூன்றாம் பிள்ளை:

அப்படி எழுதினால் முதலில் அதைத்தான் பிரிப்போம், பிள்ளைகளை உங்களுக்குத் தெரியாதா. யாரும் படிக்கக் கூடாது என்றால் நீங்கள் இருவரும் உட்கார்ந்து கடைசியாக ஒரு முறை படித்துவிட்டு நீங்களே கிழித்துவிடுங்கள். படித்தால் பரவாயில்லை என்று தோன்றுகிற நாலைந்தை மட்டும் வையுங்கள். என் பெற்றோரிடமிருந்து அப்படி நாலைந்து கிடைத்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

நாடாப்பெட்டி:

மெஷினை அப்படியே இறக்காதீர்கள். சக்கரத்திலிருந்து தோல் பெல்ட்டை முதலில் கழற்றிவிடுங்கள். மெஷினைப் பின்பக்கமாகச் சாய்த்தால் கீலில் இரண்டு சின்னத் திருகு தெரியும், அவற்றைத் தளர்த்தினால் பெரும்பாலான பழைய மெஷின்களில் மேல் பாகம் தனியாகக் கையோடு வந்துவிடும். திருகைத் தளர்த்தும்போது ஒருவர் மெஷினை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும், அது உங்கள் வீட்டுக்காரராக இருக்க வேண்டாம். பலகையும் இரும்புக் காலும் தனியாக இறங்கட்டும். இழுப்பறைகளை உருவி உள்ளே இருப்பதை முன்பே எடுத்துவிடுங்கள். ஆனால் பாபின் எல்லாவற்றையும் நினைவுக்கென்று எடுத்துவிடாதீர்கள், தைக்கப் போகிற பெண்ணுக்கு அவை வேண்டும். உங்களுக்கு ஒன்று போதும்.